உளி ஓய்ந்திருக்கும் நேரம்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் நவீன சிற்பி ஒருவர் தன் பட்டறையில் ஒரு நாள் முழுவதும் இருந்து பார்க்க எனக்கு அனுமதி தந்திருக்கிறார். நான் சிற்பம் படித்தவள் அல்ல, கோயில் சிற்பங்களைப் பார்த்து வளர்ந்தவள். முகமும் கைகாலும் தெளிவில்லாத இந்த உருவங்களில் கைத்திறன் எங்கே இருக்கிறது? அங்கே உட்கார்ந்து எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்:

கட்டாயம் போங்கள். கண்காட்சிக் கூடத்தில் பத்துச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வருவதைவிட, ஒன்று உருவாகிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு நாள் இருப்பது மேல். பாடசாலைகளில் நெடுங்காலம் சித்திரம் கற்பித்தவன் நான். மரபுப் பட்டறையிலும் நவீனப் பட்டறையிலும் மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

நீங்கள் கோயில் சிற்பங்களைப் பார்த்து வளர்ந்தவர் என்பது பெரிய பலம். அங்கிருந்தே தொடங்குவோம்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், நாங்கள் பாடசாலை விட்டு வரும் வழியில் கோயில் வாகனங்கள் செய்யும் பட்டறை ஒன்று இருந்தது. ஆசாரியார் இலுப்பை மரத்தில் குதிரையின் கழுத்தை வாய்ச்சியால் இறக்குவதை வேலியோரம் நின்று பார்ப்பேன். அவர் கை தயங்கி ஒருநாளும் கண்டதில்லை. நூல் பிடித்து நடுக்கோடு போட்டிருப்பார். கரிக்கோடுகள் எங்கே வெட்ட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லிக்கொண்டிருக்கும். தெய்வ உருவம் என்றால் அளவு இன்னும் இறுக்கமானது. முகத்தின் நீளத்தை ஒரு தாலமாகக் கொண்டு, அதைப் பன்னிரண்டு அங்குலமாகப் பிரித்து, முழு உடலையும் அதன் மடங்கில் அமைப்பார்கள். நவதாலம் என்றால் 108 பங்கு. உத்தம தசதாலம் என்றால் பத்துத் தாலத்துக்கு மேல் நான்கு சேர்த்து 124 பங்கு. கழுத்துக்கு எத்தனை, மார்புக்கு எத்தனை, முழங்காலுக்கு எத்தனை என்பதெல்லாம் உளியைத் தொடுவதற்கு முன்பே தீர்ந்துபோன விஷயம். வேலை எப்போது முடிகிறது என்பதும் தீர்ந்த விஷயம்தான். கண் திறந்துவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு சிற்பிக்கு அங்கே அலுவல் இல்லை.

நவீன சிற்பிக்கு இந்த இரண்டும் இல்லை. அளவைச் சொல்லித்தரும் சிற்ப நூலும் இல்லை, முடிந்துவிட்டது என்று அறிவிக்கும் கண்திறப்பும் இல்லை. கையில் கல் இருக்கிறது, மனத்தில் பிடிபட்டும் பிடிபடாத ஏதோ ஒன்று இருக்கிறது. அளவை வேலை செய்துகொண்டே கண்டுபிடிக்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதையும் தானே தீர்மானிக்க வேண்டும். அன்றைக்கு நீங்கள் பார்க்கப்போவது இந்தத் தேடலை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் கண் தானாக வேலை செய்யும்.

எனக்கு இது புரியச் சில நாட்கள் பிடித்தன. கொக்குவிலில் ஒரு வளவின் பின்புறம் தகரக் கூரை போட்ட கொட்டில். அங்கே வேலை செய்த நவீன சிற்பி தன் பெயரை வெளியில் சொல்ல விரும்பாத மனிதர். ஏறத்தாழ மூன்றடி உயரச் சுண்ணாம்புக்கல் ஒன்றை மரக்குற்றியின் மேல் நிறுத்தியிருந்தார். நான் போன முதல் நாள், முதல் ஒரு மணித்தியாலத்தில் அவர் உளி பிடித்தது பத்து நிமிடம்கூட இருக்காது. நாலு தட்டுத் தட்டுவார். வாசற்படி வரைக்கும் பின்னால் போவார். தலையைச் சாய்த்துப் பார்ப்பார். மற்றப் பக்கம் போய்க் குந்தியிருந்து பார்ப்பார். வாளியில் இருந்த தண்ணீரைக் கையால் அள்ளிக் கல்லின் மேல் எறிவார். நனைந்த கல்லில் நிறமும் உள்ளே ஓடும் வரிகளும் எழுந்து வரும், காய்ந்ததும் மறையும். இவருக்கு இன்றைக்கு உடம்பு சரியில்லைப் போலும் என்று நினைத்தேன். மூன்றாம் நாளும் அப்படியே நடந்தபோதுதான் வேலையே அந்த இடைவெளிகளில் நடக்கிறது என்பது உறைத்தது. உளி அந்த இடைவெளியில் எடுத்த முடிவை நிறைவேற்றிவிட்டு ஓய்ந்துவிடுகிறது.

ஆகவே உளி பிடித்த வலது கையைக் கொஞ்சம் மறந்துவிட்டு இடது கையைப் பாருங்கள். இங்கிலாந்தின் சென்ட் ஐவ்ஸ் ஊரில் 1949 முதல் 1975 இல் இறக்கும்வரை பட்டறை வைத்திருந்த சிற்பி பார்பரா ஹெப்வர்த், இடது கைதான் தன் சிந்திக்கும் கை, வலது கை சுத்தியல் பிடிப்பதற்கான வெறும் இயக்கக் கை என்று சொல்லியிருக்கிறார். அதைப் படித்தபோது அலங்காரமாகச் சொன்ன பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன். கொக்குவில் கொட்டிலில் அதை நேரில் கண்டேன். அவர் இடது உள்ளங்கையைக் கல்லின் மேல் வைத்து, மாட்டின் முதுகைத் தடவுவதுபோல மேலிருந்து கீழே மெதுவாகக் கொண்டுவருவார். ஓரிடத்தில் கை நிற்கும். திரும்பவும் மேலே போய் இறங்கும். அதே இடத்தில் நிற்கும். பெருவிரலால் இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கரித்துண்டால் அங்கே மூன்று கோடு கீறுவார். என் கண்ணுக்கு அந்த இடம் வழவழவென்று ஒரே சரிவாகத்தான் இருந்தது. அனுமதி கேட்டு நானும் தொட்டுப் பார்த்தேன். ஒரு நெல்மணி உயரத்துக்கு ஒரு மேடு. கண் தவறவிட்டதைக் கை பிடித்திருந்தது.

கைத்திறன் எங்கே என்று கேட்டீர்கள் அல்லவா? ஒரு பகுதி அந்த நெல்மணி மேட்டில் இருக்கிறது. விரல், மூக்கு, நகை என்று விவரம் நிறைந்த சிற்பத்தில் அப்படி ஒரு மேடு இருந்தால் யாருக்கும் தெரியாது, ஆரமோ அங்கவஸ்திரமோ மறைத்துவிடும். எல்லாவற்றையும் கழித்துவிட்டு ஒரே ஒரு வளைவை மட்டும் விட்டுவைத்த சிற்பத்தில் அந்த மேடு கூட்டத்தில் தும்மியதுபோலக் காட்டிக்கொடுத்துவிடும். முகம் இல்லாத உருவம் செய்வது சுலபம் என்று நினைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

கழித்தல் என்றேன். ருமேனியாவில் 1876 இல் பிறந்து பாரிசில் வாழ்ந்த சிற்பி பிரான்குசியின் பறவைகள் இதற்கு நல்ல சாட்சி. நம் ஊர் மயில் வாகனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கொண்டை, கழுத்துச் செதில், தோகையின் ஒவ்வொரு கண், வாயில் பாம்பு என்று எல்லாம் இருக்கும். பிரான்குசி முதலில் செய்த பறவைக்குக் கழுத்தும் மார்பும் காலும் இருந்தன. பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றன. 1923 முதல் 1940கள் வரை ‘விண்ணில் பறவை’ என்ற ஒரே உருவத்தைப் பளிங்கில் ஏழும் வெண்கலத்தில் ஒன்பதுமாகப் பதினாறு முறை செய்தார். அதில் சிறகும் இல்லை, அலகும் இல்லை. மேலெழும் ஒரு விசை மட்டும் நிற்கிறது. வெண்கலத்தை வார்ப்பித்த பிறகு தானே அராவி, கண்ணாடிபோல வரும்வரை மெருகேற்றினார். ஆகவே பதினாறும் ஒன்றின் படி இன்னொன்று அல்ல.

உங்கள் கேள்வி ஒருமுறை நீதிமன்றத்திலேயே எழுந்தது. 1926 இல் அந்தப் பறவைகளில் ஒன்று நியூயோர்க்கில் இறங்கியபோது, சுங்க அதிகாரிகள் இது கலைப்பொருள் அல்ல, சமையல், மருத்துவமனைச் சாமான் வகையைச் சேர்ந்த உலோகப் பொருள் என்று சொல்லி 40 சதவீத வரி விதித்தார்கள். வழக்கில், ஒரு தேர்ந்த மெக்கானிக் இப்படிப் பளபளப்பாக ஒன்றைச் செய்துவிட முடியாதா என்று கேட்கப்பட்டது. சாட்சியாக நின்ற சிற்பி ஜேக்கப் எப்ஸ்டைன், அவனால் மெருகேற்ற முடியும், ஆனால் இந்த உருவத்தைக் கருவில் கொள்ள முடியாது என்ற கருத்தில் பதில் சொன்னார். 1928 இல் தீர்ப்பு பறவைக்குச் சாதகமாக வந்தது. மெக்கானிக்கின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவருக்கு அளவு எழுதிக் கொடுத்தால் அச்சொட்டாகச் செய்வார். இங்கே அளவை எழுதிக் கொடுக்க யாரும் இல்லை.

இன்னொரு சரித்திரமும் பட்டறைக்குள் நுழையும்போது தெரிந்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெயர்பெற்ற சிற்பிகள் பலரும் பளிங்கைத் தாங்கள் செதுக்கவில்லை. களிமண்ணில் உருவம் பிடிப்பார்கள். அதிலிருந்து சாந்து அச்சு எடுக்கப்படும். பிறகு புள்ளி மாற்றும் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு உதவியாளர்கள் அதை அப்படியே கல்லுக்கு மாற்றுவார்கள். புகழ்பெற்ற பிரெஞ்சுச் சிற்பி ரொடானின் பட்டறையும் அப்படித்தான் இயங்கியது. 1907 இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த பிரான்குசி நெடுநாள் நிற்கவில்லை. பெரிய மரத்தின் நிழலில் எதுவும் வளராது என்று சொல்லிவிட்டு வெளியேறியதாகச் சொல்வார்கள். பிறகு நேரடியாகக் கல்லிலும் மரத்திலும் செதுக்கத் தொடங்கினார். கல்லுக்கு மாற்ற மாதிரி இல்லை, கல்லே பாதி வழிகாட்டி. நம் ஆசாரிமாருக்கு மரத்தில் நேரடியாகச் செதுக்குவது புதுமையே அல்ல. ஐரோப்பாவில் அது ஒரு கலகமாக இருந்தது.

கல்லே பாதி வழிகாட்டி என்பதை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நாம் நன்றாக விளங்கிக்கொள்ளலாம். நம் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல். கருங்கல் இங்கே கிடையாது. கருங்கல் மூர்த்தி வேண்டுமென்றால் வெளியில் இருந்துதான் வரவழைக்க வேண்டும். அதனால்தான் இங்கே மரவேலையும் சுதைவேலையும் இவ்வளவு செழித்தன என்பது என் எண்ணம். கிணறு வெட்டும்போது வெளியே வரும் வெள்ளைக் கல்லைப் பாருங்கள். கடலுக்கடியில் சிப்பியும் முருகையும் படிந்து இறுகிய கல். மழைநீர் கரைத்துக் கரைத்து உள்ளே பொந்து விழுந்திருக்கும். நிலாவரைக் கிணறு அப்படிக் கரைந்து உண்டான பெரிய பொந்துதான். இப்படிப்பட்ட கல்லில் கூரான மூக்கு செதுக்கினால் உதிரும், விரல் செதுக்கினால் முறியும். பருமனான, உருண்ட, அகன்ற வடிவங்களைத்தான் அது தாங்கும். இங்கே வேலை செய்யும் சிற்பியின் உருவங்கள் ஏன் மொத்தமாக இருக்கின்றன என்று நீங்கள் யோசித்தால், பாதிப் பதில் கல்லிலேயே இருக்கும்.

வங்காளத்துச் சாந்திநிகேதனில் சிற்பி ராம்கிங்கர் பைஜ் 1938 இல் செய்த, சாந்தால் பழங்குடியினரைக் காட்டும் ‘சாந்தால் குடும்பம்’ சிற்பமும் இப்படி மண்ணில் இருந்து வந்த வடிவம்தான். கம்பி எலும்புக்கூட்டின் மேல் அந்த ஊர்ச் செம்புறைக் கல்லின் பரலைச் சீமெந்தில் குழைத்து அப்பினார். அதன் சொரசொரப்பை மழுப்பவில்லை. வெயிலில் உழைக்கும் உடம்பின் தோல் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நமக்குப் படுகிறது. சுதைச் சிற்பம் தெரிந்த நமக்கு அந்த முறை அந்நியமே அல்ல. சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்த் தண்ணீரும் இருந்த இடத்தில் சீமெந்து வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மறுபடியும் கொக்குவில் கொட்டிலுக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததன் மையம் அங்கேதான் இருக்கிறது.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, பல் உளியால் அந்த உருவத்தின் தோள் பக்கத்தை இறக்கிக்கொண்டிருந்தார். சத்தம் மாறியது. அதுவரை ‘டிங், டிங்’ என்று வந்தது ஒரே தட்டில் ‘டொக்’ என்றது. அவர் கை அந்தக் கணமே நின்றது. நான் சத்தம் மாறியதை உணர்ந்ததே அவர் நின்ற பிறகுதான். மரபுச் சிற்பிகள் கல்லைத் தட்டி, மணியோசை எழுந்தால் ஆண் கல் என்றும், மற்றவற்றைப் பெண் கல், அலிக் கல் என்றும் பிரிப்பார்கள் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் காது இவரிடமும் இருந்தது. சிறிய உளியால் சுற்றிவர மெதுவாகச் சுரண்டினார். மேல் ஓடு உடைந்து ஒரு பொந்து தெரிந்தது. எப்போதோ ஒரு சிப்பி கிடந்து கரைந்துபோன இடம். பெருவிரல் முழுதாக உள்ளே போகும்.

கோயிற் சிற்பியாக இருந்தால் அந்தக் கல்லை அத்தோடு ஒதுக்கிவிடுவார். குறையுள்ள கல் வழிபாட்டுக்கு ஆகாது. அது அவர் தர்மம். இவருக்கு முன்னால் வேறு வழிகள் இருந்தன. கல்தூளும் சீமெந்தும் குழைத்து அடைத்துவிடலாம். அந்தப் பக்கத்தையே இன்னும் ஆழமாக இறக்கிப் பொந்தை இல்லாமல் செய்யலாம். அவர் எதையும் செய்யவில்லை. ஈரச் சாக்கால் மூடிவிட்டு உளிகளைத் தீட்ட உட்கார்ந்தார்.

ஒன்பது நாட்கள் சாக்கு அப்படியே இருந்தது. நான் பின்னேரங்களில் போவேன். தேத்தண்ணீர் தருவார், ஊர்க்கதை கதைப்பார், இடையில் எழுந்து போய்ச் சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மூடுவார். பத்தாம் நாள் நான் போனபோது கல் தலைகீழாக நின்றது. பக்கத்து வளவுப் பிள்ளைகள் இருவரைக் கூப்பிட்டுப் புரட்டி வைத்திருந்தார். தோளாக இருந்த இடம் இப்போது கீழே வந்து இடுப்பானது. அத்தனை நாளாகச் செதுக்கிய நீண்ட சரிவு முழுவதும், வயலுக்குள் தண்ணீர் வாய்க்காலைத் தேடி வருவதுபோல, அந்தப் பொந்தை நோக்கி ஓடியது. குறையாக இருந்தது உருவத்தின் நடுவாகிவிட்டது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். இப்போது எழுதும்போதும் அந்தக் காட்சி என் கண்முன் நிற்கிறது.

ஹெப்வர்த் 1930களின் தொடக்கத்திலேயே கல்லை ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம்வரை துளைத்தவர். துளையும் உருவத்தின் ஓர் உறுப்புத்தான் என்பது அவரும் இன்னொரு ஆங்கிலேயச் சிற்பியான ஹென்றி மூரும் உலகுக்குக் காட்டிய விஷயம். அதைப் புத்தகத்தில் படித்து வகுப்பில் பல முறை சொல்லியிருக்கிறேன். கொக்குவிலில் ஒரு சிப்பி விட்டுப்போன துளை ஒரு மனிதனை ஒன்பது நாள் காத்திருக்க வைத்ததைப் பார்த்த பிறகுதான் அது எனக்குள் இறங்கியது.

எல்லாச் சிற்பிகளும் இப்படி வேலை செய்வதில்லை. நீங்கள் போகும் பட்டறையில் களிமண் வேலை நடந்தால் அங்கே திரும்பச் சேர்க்கவும் முடியும், ஆகவே தேடலின் முகம் வேறு. சிற்பி ஜியாகொமெத்தி பாரிசில் ஏறத்தாழ 23 சதுர மீற்றர் அளவான ஒரு சிறு அறையில் 1926 முதல் 1966 இல் இறக்கும்வரை வேலை செய்தார். இரவு முழுவதும் கட்டியதை விடியும்போது அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்குவார். அங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது விரல்கள், பிறகு ஈரத்துணி. மண் காயாமல் எப்படிப் போர்த்துகிறார் என்பதிலேயே அவர் அந்த உருவத்தை நாளைக்கும் தொடப்போகிறாரா என்பது தெரியும். உலோகத் தகடு தட்டுபவர், ஒட்டுபவர் என்றால் அது இன்னொரு உலகம். சென்னைக்குப் போக நேர்ந்தால் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போய் சிற்பிகளான ஜானகிராமின் செப்புத் தகட்டு உருவங்களையும் நந்தகோபாலின் வேலைகளையும் பார்த்துவிட்டு வாருங்கள். கோயில் கவசமும் திருவாசியும் நவீன சிற்பத்துக்குள் எப்படி நுழைந்தன என்பதற்கு அவற்றைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

சில நடைமுறை விஷயங்கள். காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் கல்லின் மேடுபள்ளம் தெரியும். நண்பகலில் எல்லாம் தட்டையாகிவிடும், அநேகர் அந்த நேரத்தில் செதுக்கமாட்டார்கள். முடிந்தால் இருட்டும்வரை இருங்கள். கொக்குவில்காரர் இருட்டிய பிறகு டோர்ச் லைட்டைக் கல்லோடு ஒட்டப் பிடித்துப் பக்கவாட்டில் வெளிச்சம் பாய்ச்சுவார். பகலெல்லாம் வழவழப்பாகத் தெரிந்த பரப்பு உழுத வயல்போல மாறிவிடும். அடுத்த நாள் வேலை அந்த வெளிச்சத்தில்தான் குறிக்கப்படும். கருங்கல் வேலை நடக்கும் இடமென்றால் முகக்கவசம் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். சுண்ணாம்புக்கல் தூசி அவ்வளவு கொடியது அல்ல, ஆனாலும் கண்ணுக்கும் மூச்சுக்கும் ஒரு துணி தேவை. கைத்தொலைபேசியில் படம் எடுப்பதைக் கடைசி அரைமணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கத் தொடங்கினால் கண் வேலை செய்யாது.

‘இது என்ன?’ என்று கேட்காதீர்கள். அவருக்கே அன்றைக்குத் தெரியாமல் இருக்கலாம். அதற்குப் பதிலாக, ‘இந்த இடத்தில் ஏன் நிறுத்தினீர்கள்?’ என்று கேளுங்கள். அநேகமாக அவர் முகம் மலரும்.

கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் முன்பக்கத்தில் தொடங்காதீர்கள். பின்பக்கம் போய்க் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் கீழே வைத்து மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். எங்கேயாவது கை தானாக நின்றால், அந்த இடத்தை அவரிடம் காட்டுங்கள்.